எழுதியதும் அறிந்ததும்

திருச்செந்தூருக்கு மேற்கே காயாமொழிப் பக்கம் போனால் தேரிக்காடு. கண்ணுக்கெட்டிய மட்டும் செக்கச் செவேலென்று மணல். ஆடிக் காற்று அடித்தால் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். பயிர் செய்கிறவன் அந்த மண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, 'இதில் என்ன இருக்கிறது' என்று உதட்டைப் பிதுக்குவான். அந்த மணலில்தான் பனை நிற்கிறது. ஒன்றிரண்டு அல்ல, கூட்டம் கூட்டமாக நிற்கிறது. விளைந்த பனை ஒன்றை வெட்டிச் சாய்த்து வண்டியில் ஏற்ற எத்தனை ஆள் வேண்டும் என்று உடன்குடிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அவ்வளவு கனமும் எங்கிருந்து வந்தது? பனங்கொட்டை கைக்குள் அடங்குகிற பொருள். அது மணலில் விழுந்து, முளைத்து, இத்தனை பெரிய மரமாக ஆயிற்றே! அந்த மரத்தின் சரக்கு அதற்கு முன் எங்கே இருந்தது?

இந்தக் கேள்வி என்னுடையதல்ல. காயல்பட்டினத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் கல்லூரிகளில் உயிரியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வந்து உட்கார்ந்த பிள்ளைகளிடம் முதல் நாளே பெயரைக் கேட்கும் முன்னால் இதைத்தான் கேட்பாராம். "மண்ணிலிருந்து சார்" என்று பாதிப் பேர். "தண்ணீரிலிருந்து" என்று சிலர். "வெயிலிலிருந்து" என்று வேறு சிலர். காற்றிலிருந்து என்று சொல்கிறவர் வகுப்புக்கு ஒருவர் இருந்தால் பெரிது.

அத்தனை பேரும் பன்னிரண்டாம் வகுப்பில் ஒளிச்சேர்க்கையைப் பற்றி எழுதி வந்தவர்கள். கரியமில வாயுவும் தண்ணீரும் சேர்ந்து, சூரிய ஒளியின் துணையால், சர்க்கரையாகவும் பிராணவாயுவாகவும் மாறுகின்றன என்று சமன்பாடு போட்டு, கட்டம் கட்டி, முழு மார்க் வாங்கியவர்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் பனைமரத்தைக் காட்டிக் கேட்டால் மண்ணைக் காட்டுகிறார்கள். சமன்பாடு நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. மரம் தேரியில் நிற்கிறது. இரண்டுக்கும் இடையே போக்குவரத்து இல்லை.

உண்மை என்ன? காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரி. அந்தக் கரி முழுவதும் காற்றிலிருந்து வந்தது. காற்றில் பத்தாயிரம் பங்கில் நாலு பங்குதான் கரியமில வாயு. அந்த நாலு பங்கைப் பொறுக்கிப் பொறுக்கித் தின்றுதான் பனை வளர்ந்தது. மண் கொடுத்த பங்கு எவ்வளவு என்று அறிய வேண்டுமானால் விறகை எரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கலாம். கடைசியில் மிஞ்சுகிற சாம்பல்தான் மண்ணின் பங்கு. மற்றதெல்லாம் வந்த வழியே காற்றோடு போய்விட்டது.

நம் பிள்ளைகளைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அமெரிக்காவில் 1997-இல் வெளியான ஒரு கல்விப் படத்தில் இதே கேள்வியைக் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்கள் உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகங்களில் அன்றைக்குத்தான் பட்டம் வாங்கியவர்கள். கறுப்பு அங்கியும் தொப்பியும் இன்னும் கழற்றவில்லை. கையில் ஒரு விதையையும் ஒரு மரக்கட்டையையும் கொடுத்து, 'இது இதுவாக ஆனது எப்படி?' என்றார்கள். மண், தண்ணீர், வெயில் என்றே பலரும் சொன்னார்கள். காயல்பட்டினத்துப் பிள்ளையும் அந்த ஊர்ப் பிள்ளையும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னும் பின்னால் போனால் அந்த பெஞ்சில் பெரியவர்களும் இருக்கிறார்கள். வான் ஹெல்மான்ட் என்ற பிளெமிஷ் நாட்டு வைத்தியர், சட்டியில் 200 பவுண்டு காய்ந்த மண்ணை நிறுத்துப் போட்டு 5 பவுண்டு வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து வருஷம் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். மரம் 169 பவுண்டாயிற்று. மண்ணைக் காயவைத்து மறுபடி நிறுத்தபோது இரண்டு அவுன்ஸ்தான் குறைந்திருந்தது. எவ்வளவு அழகான சோதனை! 'மண்ணிலிருந்து வரவில்லை' என்பதை ஒரே தராசில் தீர்த்துவிட்டார். பிறகு, 'அப்படியானால் தண்ணீர்தான் மரமாயிற்று' என்று முடிவு கட்டினார். அவர் இறந்த பின் 1648-இல் வெளியான புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், 'காஸ்' என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்தவரே அவர்தான். விறகை எரித்தால் ஒரு வாயு வருகிறது என்று கண்டவரும் அவர்தான். அந்த வாயுதான் மரத்துக்குள் போயிருந்தது என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

நண்பரின் வகுப்பில் ஒரு வருஷம் ஒரு பையன் எழுந்து, "காற்றுக்குக் கனமே இல்லையே சார், அது எப்படிக் கட்டையாகும்?" என்று கேட்டானாம். நண்பர் அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு அவனைத் தட்டிக் கொடுத்தார். தப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அவன்தான் காட்டிக் கொடுத்தான். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஓர் அறையில் இருக்கிற காற்றின் எடை முப்பது கிலோவுக்கு மேல். இது தெரியாதவரையில் ஒளிச்சேர்க்கையை நூறு முறை எழுதினாலும் மனசு ஒப்பாது. ஒப்பாத மனசோடு சரியான விடையை எழுதியவர்களை விட, ஒப்பவில்லை என்று எழுந்து சொன்னவன் அந்தப் பாடத்துக்கு நெருங்கிய உறவு.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் எழுகிறது. நம்பாத ஒன்றை, விளங்காத ஒன்றை, விளங்கியதுபோல் எழுதி மார்க் வாங்குவது பொய்யா?

சட்டென்று 'ஆம்' என்று சொல்லிவிடலாம். சொன்னால் நியாயமாக இராது. அந்தப் பெண்ணோ பையனோ யாரையும் ஏமாற்றவில்லை. 'ஒளிச்சேர்க்கை - குறிப்பு வரைக' என்று கேட்டார்கள், வரைந்தார்கள். 'நீ இதை நம்புகிறாயா, உனக்கு இது விளங்கிற்றா' என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பது குற்றமாகுமா? ஆனால் பரீட்சை முடிந்ததும் ஒரு காகிதம் அச்சாகி வருகிறதே, அது என்ன சொல்லுகிறது? 'இந்த நபர் உயிரியல் அறிந்தவர்' என்று சொல்லுகிறது. முன்பின் தெரியாதவர்களிடம், ஓர் ஆளைப் பற்றி, ஒரு பெரிய ஸ்தாபனம் கையெழுத்துப் போட்டுச் சொல்லும் வாக்குமூலம் அது. அதாவது சாட்சியம். மனப்பாடத்தைச் சோதித்துவிட்டு அறிவுக்குச் சாட்சி சொன்னால், அந்தச் சாட்சியத்தில் ஒரு பொய் இருக்கிறது. அந்தப் பொய் பிள்ளையுடையது அல்ல, கேட்டவனுடையது.

மனப்பாடத்தை இழிவாக நினைக்கிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். காயல்பட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு மனப்பாடத்தை இழிவாகப் பேசுகிறவன் ஊரை அறியாதவன். குர்ஆன் முழுவதையும் நெஞ்சில் சுமக்கிற ஹாபிழ்கள் அந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. நோன்பு மாதத்து இரவுத் தொழுகையில் ஒரு ஹாபிழ் முன்னால் நின்று ஓதுகிறார். ஓர் எழுத்து பிசகினாலும் பின்னால் நிற்கிற இன்னொரு ஹாபிழ் எடுத்துக் கொடுக்கிறார். அது ஒரு பரீட்சை. அதைவிடக் கடுமையான பரீட்சை எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது. ஆனால் அதன் நேர்மையைக் கவனியுங்கள். ஹாபிழ் என்றால் மனத்தில் காத்து வைத்திருப்பவர் என்று பொருள். அந்தப் பட்டம் அதற்கு மேல் எதையும் சொல்லிக்கொள்வதில்லை. பொருள் விளங்க வேண்டுமா? அதற்கு வேறு ஆசிரியர், வேறு கிதாபு, பல வருஷப் படிப்பு. அதை முடித்தவருக்கு ஆலிம் என்று வேறு பெயர். பழைய வழக்கத்தில், இன்ன நூலை என்னிடம் ஓதி விளங்கிக்கொண்டார், இவர் இதைப் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று ஆசிரியர் இஜாஸத் கொடுப்பார். அந்த நூலுக்கு மட்டும்தான் அது செல்லும்; அடுத்த நூலுக்குச் செல்லாது. காயலில் 1632-இல் பிறந்த சதக்கத்துல்லா அப்பா போன்ற பெரியவர்கள் வளர்ந்தது அந்தப் படிப்பு முறையில்தான். இன்று பாளையங்கோட்டையில் அவர் பெயரில், 1971-இல் தொடங்கிய கல்லூரி ஒன்று இருக்கிறது. காத்து வைப்பது வேறு, விளங்குவது வேறு என்ற அந்தப் பிரிவு நம்முடைய கல்லூரிப் பரீட்சைகளில் எங்கேயோ தொலைந்துபோயிற்று.

'விளங்காவிட்டால் என்ன குடி முழுகிப் போயிற்று? மரம் காற்றைத் தின்றால் என்ன, மண்ணைத் தின்றால் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. சரி, மரத்தை விடுவோம். நோயைப் பார்ப்போம்.

'இந்த மாத்திரை எனக்குப் பழகிப் போச்சு, இப்போ கேட்க மாட்டேங்குது' என்று சொல்லாத வீடு இல்லை. பட்டதாரிகளும் சொல்லுகிறார்கள், உயிரியல் பட்டதாரிகளும் சொல்லுகிறார்கள். கிருமி மருந்தைப் பார்த்துப் பார்த்து, மெள்ள மெள்ள அதற்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது. வெயிலில் வேலை செய்து தோல் கறுப்பது போல!

நடப்பது வேறு. க்ஷயரோகத்தால் நுரையீரலில் விழுந்த ஒரு குழிப்புண்ணில் பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கலாம். பத்து லட்சத்துக்கு ஒன்று வீதம், தற்செயலாக, மருந்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, அந்த மருந்துக்கு மசியாததாகப் பிறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்டவை நூறு. ஒரே ஒரு மருந்தைக் கொடுத்தால் மற்றவை சாகும். இந்த நூறும் பிழைக்கும். காலியான இடத்தில் பெருகும். எந்தக் கிருமியும் எதையும் பழகிக்கொள்ளவில்லை. மருந்து, தான் கொல்ல முடியாதவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டது. 1948-இல் இங்கிலாந்தில் ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது இதுதான் நேர்ந்தது: நோயாளிகள் முதலில் தேறினார்கள், பிறகு பலருடைய கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படவில்லை. இரண்டு மருந்து சேர்த்துக் கொடுத்தால்? இரண்டுக்கும் மசியாத கிருமி லட்சம் கோடியில் ஒன்று. பத்துக் கோடியில் அது இருப்பதற்கே வாய்ப்பு அரிது. சென்னையில் 1956-இல் தொடங்கிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம், நோயாளியைச் சானடோரியத்தில் போட்டு வைக்காமல் வீட்டிலேயே வைத்துக் கூட்டு மருந்து கொடுத்தாலும் அதே குணம் காணலாம் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியதே, அந்தப் பெருமைக்கு அடியில் இந்தக் கணக்கு இருக்கிறது.

இப்போது, 'பழகிப் போச்சு' என்று நம்புகிற ஒருவர் இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் என்ன நினைப்பார்? ரொம்ப நாள் தின்றால் பழகிவிடும், நிறுத்திவிடுவோம் என்று நினைப்பார். ஆறு மாதம் தின்ன வேண்டிய மருந்து அலமாரிக்குப் போகும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் போய்ச் சேரும் கிருமி, பொறுக்கி எடுத்த கிருமியாக இருக்கும். அவரோ, 'இயற்கைத் தேர்வு - டார்வின் கொள்கையை விளக்குக' என்ற வினாவுக்குப் பத்துக்கு ஒன்பது வாங்கியிருப்பார்!

இந்தத் தப்பையும் இளக்காரமாகப் பேசுவதற்கில்லை. கிருமி பழகிக்கொள்கிறதா, முன்பே மசியாததாகப் பிறக்கிறதா என்பது விஞ்ஞானிகளுக்குள்ளேயே தீராத வழக்காக இருந்தது. 1943-இல் லூரியா, டெல்புரூக் என்ற இருவர் ஒரு சோதனை செய்து தீர்த்தார்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒரு நாள் பிரசங்கத்தில் அதை விட்டுவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

மேல்நாட்டில் சில ஆசிரியர்கள் இந்த நோவை உணர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். பௌதிகக்காரர்கள் முதலில் செய்தார்கள், 1992-இல். உயிரியலில் இயற்கைத் தேர்வுக்கென்று இருபது கேள்விகள் கொண்ட ஒரு சோதனை 2002-இல் வந்தது. பிறகு செல், மரபு என்று ஒவ்வொன்றாக வந்தன. 2011-இல் அமெரிக்க ஆசிரியர்கள் கூடி, கல்லூரி உயிரியலில் ஒருவன் கட்டாயம் விளங்கிக்கொள்ள வேண்டியது ஐந்தே ஐந்து என்று வகுத்தார்கள்: உயிர்கள் காலப்போக்கில் மாறுவது, உறுப்பின் அமைப்புக்கும் வேலைக்கும் உள்ள பந்தம், மரபுச் செய்தி செல்லும் வழி, பொருளும் சக்தியும் கைமாறும் வழி, ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும் தன்மை. ஆயிரம் பக்கப் புத்தகம் இந்த ஐந்தில் அடங்கிற்று.

அந்தக் கேள்விகளை அவர்கள் தயாரிக்கிற விதம்தான் எனக்குப் பிடித்தது. முதலில் பிள்ளைகளைச் சும்மா எழுதச் சொல்லுகிறார்கள். அவர்கள் சொந்த வார்த்தையில் எழுதிய தப்புகளைத் திரட்டுகிறார்கள். சரியான விடை ஒன்றோடு அந்தத் தப்புகளையே மற்ற விடைகளாக வைக்கிறார்கள். ஆகவே தவறான விடை ஒவ்வொன்றும் யாரோ ஒரு பிள்ளை உண்மையாக நினைத்த நினைப்பு; வாத்தியார் குழப்புவதற்காகப் புனைந்தது அல்ல. பிறகு சிலரைத் தனியே கூப்பிட்டு, 'ஏன் இதைத் தேர்ந்தெடுத்தாய்?' என்று வாயால் சொல்லச் சொல்லுகிறார்கள். சரியான விடையைத் தப்பான காரணத்துக்காகப் பலர் தேர்ந்தெடுத்தால் கேள்வியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். வருஷ ஆரம்பத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை. பெரும்பாலும் மார்க் இல்லை. பிள்ளை பாஸா பெயிலா என்பதல்ல, பாடம் பாஸா பெயிலா என்பதுதான் கேள்வி.

இதை நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு போனபோது நண்பர் சிரித்தார். காயல் வழக்கப்படி கல்யாணமான நாள் முதல் மனைவி வீட்டில்தான் இருக்கிறார். முன் அறையில் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து இஞ்சித் தேநீர் வந்தது.

"அண்ணாச்சி, நீங்க கதை எழுதுறவங்க. மனப்பாடப் பரீட்சையைத் தூக்கிடணும்னு ஒரு வார்த்தையிலே சொல்லிடுவீங்க. நான் முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தினவன். பனையேறி மகன், உப்பளத்திலே வேலை செய்யிறவ மகள் எல்லாம் எங்கிட்டே படிச்சாங்க. வீட்டிலே இங்கிலீஷ் தெரிஞ்சவங்க கிடையாது, கேட்க ஆள் கிடையாது. அந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே சொத்து ராத்திரி முழிச்சு உருப்போடுற நெஞ்சுரம். அதுக்கு மார்க் கிடைச்சுது, வேலை கிடைச்சுது, ஒரு குடும்பம் மேலே வந்துது. 'விளங்கிச்சா'ன்னு கேட்கிற பரீட்சை யாருக்கு லாபம்? வீட்டிலேயே புஸ்தகமும் பேச்சும் உள்ள பிள்ளைக்குத்தான்."

இதற்கு எளிதில் பதில் இல்லை. காயலில் வாவு வஜீஹா வனிதையர் கல்லூரி இருக்கிறது. தாயார் பள்ளிக்கூடத்தைத் தாண்டாத வீட்டுப் பெண்களும் இன்று பட்டம் வாங்கும் காலம். அவர்கள் ஏறுகிற ஏணியில் ஒரு படி கோணலாக இருக்கிறது என்று சொல்லி, ஏணியையே எடுத்துவிடுகிறவன் யோக்கியனா? அதுவும் தவிர, விளங்கினதா என்று பார்க்கிற கேள்விகளையே ஆள் பொறுக்குவதற்குப் பயன்படுத்தினால், மறு வருஷமே அதற்கும் டியூஷன் வைத்து, அதற்கும் விடை உருப்போட வைத்துவிடுவார்கள். இதனால்தான் அந்த மேல்நாட்டுக்காரர்கள் தங்கள் கேள்விகளை வெளியே விடாமல் பூட்டி வைக்கிறார்கள். நம்முடைய 'நீட்' பரீட்சையில் 720 மார்க்கில் 360 உயிரியலுக்கு. நாலு விடையில் ஒன்றைக் குறிக்க வேண்டும். தப்பினால் ஒரு மார்க் போகும். 'எனக்கு இது விளங்கவில்லை' என்று குறிக்க அங்கே ஒரு வட்டம் கிடையாது. பேசாமல் விட்டுவிடலாம், அவ்வளவுதான். லட்சக்கணக்கானவர்களில் சிலரைப் பொறுக்க வேண்டிய பரீட்சை வேறு எப்படி இருக்கும் என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் பொறுக்குகிற சல்லடையையே, அறிவின் உரைகல் என்று சொல்லுவதை மட்டும் ஒப்ப முடியாது. பழைய முத்து வியாபாரிகள் துளை பெரிதும் சிறிதுமான சல்லடைகளில் முத்தைச் சலித்து அளவு பிரித்தார்கள். ஒளியையும் உருட்சியையும் சல்லடையைக் கேட்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணால் பார்த்தார்கள்.

நான் நண்பரிடம் கேட்டேன்: "அந்த உப்பளத்துப் பெண்ணுக்கு உப்பைப் பற்றித் தெரியாதா? அதைக் கேட்டிருந்தால் அவளுக்கு லாபந்தானே?"

அப்போதுதான் திரைக்கு உள்ளேயிருந்து அவருடைய மாமியாரின் குரல் வந்தது. எங்கள் பேச்சை இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

"மாப்பிள்ளை, கருவாடு ஏன் கெட மாட்டேங்குதுன்னு உங்க பரீட்சையிலே கேட்டிருக்கீங்களா?"

"நீங்க சொல்லுங்க மாமி."

"உப்பு மீனுக்குள்ளே இருக்கிற தண்ணியை இழுத்து வெளியே போட்டுடும். தண்ணி இல்லாத எடத்திலே எந்தப் பூச்சி பொழைக்கும்? பூச்சியோட தண்ணியையும் அது இழுத்துடும்லா."

சவ்வூடு பரவல் என்று பேத்தி இரண்டு பக்கம் எழுதி மனனம் செய்த பாடம் இதுதான். கடைசி வாக்கியத்தில், 'பூச்சியின் தண்ணீரையும்' என்றார்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆறுமுகநேரி உப்பளம் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரில் இந்த அறிவு அடுப்படியில் இருக்கிறது. ஆனாலும் அடுப்படியே போதும், புத்தகம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 'ஆஸ்பத்திரியில் பாட்டிலில் ஏற்றுகிறார்களே, அதில் வெறும் தண்ணீர் விடாமல் லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்புக் கலந்திருக்கிறதே, ஏன்?' என்று நண்பர் உள்ளே நோக்கிக் கேட்டார். உள்ளிருந்து பதில் இல்லை. பிறகு பேத்தியின் குரல் தயங்கித் தயங்கி வந்தது: "வெறும் தண்ணின்னா... ரத்தத்திலே இருக்கிற செல்லுக்குள்ளே தண்ணி போயிடும்... உப்பி வெடிச்சுடும்... கருவாட்டுக்கு நேர் எதிர், வாப்பா!" அந்தக் கடைசி மூன்று வார்த்தை எந்தப் புத்தகத்திலும் இல்லை. பாட்டியின் கருவாடும் பேத்தியின் பாடமும் ஒன்றையொன்று சந்தித்தது அந்த நிமிஷத்தில்தான்.

ஓய்வு பெறுவதற்கு முந்திய வருஷம் கல்லூரிக்குள் நடத்துகிற ஒரு சிறு பரீட்சையில் நண்பர் ஒரு கேள்வி வைத்தாராம். அது முத்தைப் பற்றியது. மார்க்கோ போலோ எழுதிய காயல் இதுவா, ஆற்றுமுகத்துப் பழைய காயலா என்று இன்னும் வழக்கு உண்டு. எதுவானாலும் முத்துக் கடலின் கரை இது. 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் பழைய மாதிரி சிலாபம் நடக்கவில்லை. ஆனால் முத்து எப்படி உண்டாகிறது என்ற கதை ஊரில் எல்லாருக்கும் தெரியும். சுவாதி மழைத்துளி சிப்பி வாயில் விழும் என்பார்கள் பெரியவர்கள். மணல் உறுத்தும், அதைச் சுற்றிச் சிப்பி முத்தாக்கும் என்பார்கள் படித்தவர்கள். பிள்ளைகள் பரீட்சையில் மணலை எழுதுவார்கள்.

1973-இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் நம் கடல் சிப்பியில் முத்து வளர்த்துக் காட்டினார்கள். கடைந்த சிறு மணி ஒன்றைச் சிப்பிக்குள் வைப்பார்கள். ஆனால் மணியை மட்டும் வைத்தால் போதாது. சிப்பியின் உடம்பைப் போர்வை போல் மூடியிருக்கிற மேன்டில் என்ற மடலிலிருந்து ஒரு துண்டை வெட்டி, மணியை ஒட்டி வைக்க வேண்டும். இந்தத் துண்டு வேறொரு சிப்பியிலிருந்து எடுத்தது. ஓட்டின் உட்புறத்துக்கு மெருகு பூசுவது அந்த மடலின் வேலை. வெட்டி வேறிடத்தில் வைத்தாலும் அந்தச் செல்கள் தங்கள் வேலையை மறப்பதில்லை; மணியைச் சுற்றிப் பையாக வளர்ந்து, பூசிய மெருகையே பூசிக்கொண்டிருக்கும். அதுதான் முத்து.

நண்பரின் கேள்வி இது: 'இரண்டு சிப்பிகளை எடுத்துக்கொள். ஒன்றில் மணியை மட்டும் வை. இன்னொன்றில் மணியும் மேன்டில் துண்டும் வை. எதில் முத்து விளையும்? ஏன்?' புத்தகத்தில் இருந்தது முத்து உண்டாகும் விதம். இந்தக் கேள்வி புத்தகத்தில் இல்லை. மணல் கதையை உருப்போட்டவர்கள் இரண்டிலும் விளையும் என்று எழுதினார்கள். மூன்று பேர் சரியாக எழுதினார்கள். அதில் ஒருத்தி, ஆறுமுகநேரியிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண், காரணத்தையும் எழுதிவிட்டு, அடியில் பென்சிலால் ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'சார், கறுப்பு உதட்டுச் சிப்பியின் துண்டை நம் சிப்பிக்குள் வைத்தால் முத்து எந்த நிறத்தில் வரும்?'

இதற்கு மார்க் போட விடைக்குறிப்பில் இடமில்லை. நண்பர் பத்துக்குப் பத்துப் போட்டுவிட்டு, அந்த ஒரு தாளை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். மறு மாதம் வகுப்பு முழுவதையும் பஸ் ஏற்றித் தூத்துக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்தப் பெண்ணை முன்னால் நிறுத்தி, அங்கே சிப்பி வளர்க்கிறவர்களிடம் அவள் வாயாலேயே கேட்க வைத்தாராம்.